தொப்பூர் கணவாய் தாண்டிய தோட்டக்காரர்கள்

சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டில் விடிவதற்கு முன்பே பாதி வியாபாரம் முடிந்துவிடும். பனமரத்துப்பட்டிப் பக்கத்திலிருந்து வரும் அரளி மூட்டைகளும் குண்டுமல்லிக் கூடைகளும் ஒரு பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும். இன்னொரு பக்கம் அதே மூட்டைகளில் சில வேறொரு வண்டியில் ஏறிக்கொண்டிருக்கும். "ஏனுங்க ஐயா, இப்பத்தானே இறக்குனீங்க, அதுக்குள்ள ஏத்தறீங்க?" என்று அங்கே சுமை ஏற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம் ஒருநாள் கேட்டேன்.

"இது பெங்களூர் லோடு கண்ணு. விடியறதுக்குள்ள ஓசூர் தாண்டிரணும்" என்றார். மூட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு அவராகவே தொடர்ந்தார். "அங்க மார்க்கெட்ல நம்ம பேச்சு மாதிரியே பேசற பூக்காரங்க இருக்காங்க. நம்ம பேச்சுதான், ஆனா வேற மாதிரி இருக்கும். கேட்டா திகளருன்னு சொல்லுவாங்க."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு போனதில் தெரிந்துகொண்டவைதான் இந்தக் கட்டுரை. பெங்களூர் என்றால் நமக்கு இன்று ஐ.டி. கம்பெனியும் போக்குவரத்து நெரிசலும் ஞாபகம் வருகின்றன. அந்த ஊரின் பழைய பேட்டைகளுக்குக் கீரையும் வெங்காயமும் வெற்றிலையும் பூவும் விளைவித்துக் கொடுத்த திகளர் என்ற தோட்டக்காரச் சமூகம் அங்கே இருக்கிறது. அந்த ஊரின் புகழ்பெற்ற திருவிழாவான கரகத்தை நடத்துபவர்கள் அவர்கள்தான். அவர்களுடைய வழக்கங்களைச் சேலத்துக் கண்ணோடு பார்த்தால், முக்கால்வாசி நம் வீட்டு வழக்கம் போலவே தெரியும். அதைப் பற்றி இங்கே அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

முதலில் பெயர். 'திகள' என்பது கன்னடத்தில் தமிழரைக் குறித்த பழைய சொல். தமிழ்நாட்டுக் கிரந்த எழுத்திலிருந்து கிளைத்து, கர்நாடகத்தின் துளு நாட்டிலும் மலெநாட்டிலும் வழங்கிய எழுத்துக்குத் 'திகளாரி' என்று பெயர் இருப்பதும் அந்த வழியில்தான். கீழே தமிழ்ப் பகுதியிலிருந்து பெங்களூர் மேட்டுக்கு வந்து குடியேறியவர்களை அக்கம்பக்கத்தார் "தமிழங்க" என்று அழைத்திருக்கிறார்கள். அழைப்பு நாளடைவில் சாதிப் பெயராகிவிட்டது. இன்று திகளர் வீடுகளில் பேசப்படுவது தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்த பேச்சு. பள்ளிக்கூடமும் படிப்பும் கன்னடத்தில். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத பல தலைமுறைகள் போய்விட்டன. ஆனாலும் பெயரில் மட்டும் தமிழ் அப்படியே நிற்கிறது.

நம் ஊரிலும் இப்படி ஒன்று உண்டு. சேலத்து மாமரங்களில் கிளிமூக்குக்கு இன்னொரு பெயர் 'பெங்களூரா'. இங்கே காய்த்து இங்கே விற்கிற பழத்துக்குப் பெயர் மட்டும் மேட்டு ஊருடையது. மாம்பழத்துக்கு அவர்கள் ஊர்ப் பெயர், தோட்டக்காரனுக்கு நம் மொழியின் பெயர். இரண்டு ஊர்களும் எவ்வளவு காலமாகக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கின்றன என்பதற்கு இந்த இரண்டு பெயர்களே போதும்.

திகளர்கள் தங்களை வன்னிகுல க்ஷத்திரியர் என்று சொல்லிக்கொள்கிறார்கள். வன்னி என்றால் நெருப்பு. நெருப்பிலிருந்து பிறந்த குலம் என்பது அவர்களுடைய மரபுக் கதை. வடதமிழ்நாட்டில் வன்னியர்கள் சொல்லும் அதே கதைதான் இது. தங்கள் ஆதி முன்னோராக அவர்கள் கொண்டாடுவது அக்னி பன்னிராயரை. 'பன்னி' என்று கேட்டதும் நாம் திகைக்க வேண்டியதில்லை. தமிழில் 'வ' வருகிற இடத்தில் கன்னடத்தில் 'ப' வருவது வழக்கம். நம் வன்னி மரம் அங்கே பன்னி மரம். வன்னியராயர் பன்னிராயர் ஆகியிருக்கிறார், அவ்வளவுதான்.

அவர்களுக்குள்ளேயே பிரிவுகள் உண்டு. பழைய மைசூர்க் குறிப்புகளில் 'உள்ளி திகளர்', 'எலெ திகளர்' என்ற பெயர்கள் வருகின்றன. உள்ளி என்றால் வெங்காயம், எலெ என்றால் இலை, அதாவது வெற்றிலை. சாதிக்குள் பிரிவு, குலதெய்வத்தாலோ பூர்வீக ஊராலோ அமையாமல், பாத்தியில் என்ன பயிர் நிற்கிறது என்பதால் அமைந்திருக்கிறது. ஒரு சமூகம் தோட்டத்தோடு எவ்வளவு ஒட்டிக் கிடந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

எப்படி மேலே போனார்கள்? பரவலாகச் சொல்லப்படுவது ஹைதர் அலி கதை. ஹைதர் 1760-இல் லால்பாக் தோட்டத்தைத் தொடங்கினார். சீராவில் இருந்த முகலாயர் காலத்துத் தோட்டம் அதற்கு முன்மாதிரி. திப்பு சுல்தான் அதை விரிவாக்கினார். அந்தத் தோட்டத்தைப் பராமரிக்கத் தமிழ்ப் பகுதியிலிருந்து கைதேர்ந்த தோட்டக்காரர்களை வரவழைத்தார்கள் என்பது வழிவழியாக வரும் பேச்சு. திப்பு இறந்த அடுத்த வருடம், 1800-இல், பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர், அந்தத் தோட்டங்களைப் பார்த்துக் குறிப்பெழுதி வைத்தார். சதுரம் சதுரமாகப் பிரித்த பாத்திகள், நடுவே நடைபாதைகள், பாதையோரம் சைப்ரஸ் மரங்கள், ஒரு சதுரம் முழுக்க ரோஜா, இன்னொன்று முழுக்க மாதுளை. இந்த ஒழுங்கு தானாக வராது. தினமும் மடை திருப்பி, களை பிடுங்கி, தண்ணீர் கட்டிய கைகள் அதற்குப் பின்னால் இருந்திருக்கின்றன.

ஹைதர் அழைப்பதற்கு முன்பே பேட்டைகளைச் சுற்றி இந்தத் தோட்டக்காரர்கள் இருந்திருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கெம்பகவுடர் 1537-இல் பெங்களூர்ப் பேட்டையைக் கட்டினார் என்பார்கள். கோட்டையும் சந்தையும் வந்துவிட்டால் தினமும் கீரையும் பூவும் வேண்டும். அவை தூரத்திலிருந்து வந்தால் வாடிவிடும். ஊருக்கு வெளியே, ஏரிக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் யாராவது விளைவித்தாக வேண்டும். ஊர் வளர வளர தோட்டக்காரர்களும் தொடர்ந்து வந்திருப்பார்கள். ஹைதர் காலம் அந்த வரவைப் பெரிதாக்கியிருக்கும்.

சேலத்துக்காரர்கள் ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் சேலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவே இருக்கும் தொப்பூர் கணவாய் ஏறிப் போன தோட்டக்காரன் வேற்று நாட்டுக்குப் போகவில்லை. சிக்கதேவராஜ உடையார் காலத்திலிருந்தே சேலம் சீமை மைசூர் ஆட்சியின் கையில் இருந்தது. பிறகு ஹைதரும் திப்புவும். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில்தான் சேலமும், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பாராமகால் சீமையும் கம்பெனிக்குக் கைமாறின. ஓசூர் பக்கம் 1799-இல், திப்பு இறந்த பிறகு வந்தது. அதுவரை சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர் எல்லாம் ஒரே ராஜாங்கத்தின் ஒரே சாலையில் இருந்த ஊர்கள். தர்மபுரி தனி மாவட்டமான 1965 வரைக்கும் ஓசூர், சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. நம் தாத்தாக்களுக்கு இது தெரியும். கோடு போட்டுப் பார்க்கப் பழகிய நமக்குத்தான் அது வேறு உலகமாகத் தெரிகிறது.

கரகத்துக்குப் போவதற்கு முன்னால் தோட்ட வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வயல்காரனுக்கும் தோட்டக்காரனுக்கும் வித்தியாசம் உண்டு. நெல் வயலுக்கு ஏரித் தண்ணீர் தானாகப் பாயும், நட்டுவிட்டு மழையைப் பார்த்துக் காத்திருக்கலாம். தோட்டத்துக்கு அந்தச் சலுகை இல்லை. மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே, இருட்டோடு பறிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தரம் குறைந்துவிடும், விலை இறங்கிவிடும். கீரை ஒருநாள் பொறுத்தால் முற்றிவிடும். வெற்றிலைக் கொடிக்கால் இன்னும் கண்டிப்பானது. அகத்தியை நட்டு, அது எழும்பிய பிறகு அதன் அடியில் கொடியைப் பதித்து, வளர வளரக் கோரையால் கட்டிக் கட்டி ஏற்ற வேண்டும். அகத்தி தழைத்தால் கழித்துவிட வேண்டும், மெலிந்தால் வெயில் கொடியைக் கருக்கிவிடும். ஈரம் எப்போதும் இருக்க வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டு நடக்கமாட்டார்கள். கோயிலுக்குள் போகிற மாதிரிதான் போவார்கள்.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி இருந்தார். சின்ன வயதில் கொடிக்காலில் கூலிக்குப் போனவர். வெற்றிலையை அவர் கிள்ளும்போது பார்த்திருக்கிறேன். கண் வேறு எங்கோ இருக்கும், கட்டைவிரல் நகம் மட்டும் காம்பைத் தேடிப் போகும். நூறு இலை சேர்ந்தால் ஒரு கவுளி. எண்ணிக்கொண்டே ஊர்க்கதை பேசுவார், ஒரு இலை கூடவோ குறையவோ செய்யாது. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையைக் கிணற்றில் ஓட்டிய காலத்தைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். சால் மேலே வரும்போது கப்பி கத்துகிற சத்தத்தை வைத்தே எந்தத் தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிறார்கள் என்று தெரியுமாம். எலெ திகளர் என்ற பெயரைக் கேட்டவுடன் எனக்கு அந்தக் கட்டைவிரல்தான் கண்முன் வந்தது.

இப்போது கரகம்.

பெங்களூரின் பழைய பேட்டையில், திகளர்பேட்டையில், தர்மராயசுவாமி கோயில் இருக்கிறது. தர்மராயர் என்றால் தருமர். பஞ்ச பாண்டவர்களும் கிருஷ்ணனும் திரௌபதியும் அங்கே வழிபாட்டில் இருக்கிறார்கள். கோயில் தருமர் பெயரில் இருந்தாலும் திருவிழா முழுக்க முழுக்க திரௌபதியுடையது. சித்திரை வளர்பிறையில் கொடியேறி, பௌர்ணமி இரவில் உச்சம் அடையும்.

அதற்கான கதை இது. பாரதப் போர் முடிந்து பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு நடந்து போகிறார்கள். திரௌபதி பின்னால் வருகிறாள். திமிராசுரன் என்ற அசுரன் இன்னும் மிஞ்சியிருக்கிறான். அவள் ஆதிசக்தி வடிவம் எடுத்து, தன் உடம்பிலிருந்தே ஒரு படையை உண்டாக்குகிறாள். அவர்கள்தான் வீரகுமாரர்கள். அசுரன் அழிந்த பிறகு அவள் கிளம்புகிறாள். பிள்ளைகள் போகவிட மறுத்து அழுகிறார்கள். வருஷத்தில் சில நாட்கள் உங்களிடம் வந்து தங்குகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அந்த நாட்கள்தான் கரகம். திகளர்கள் தங்களை அந்த வீரகுமாரர்களின் வாரிசு என்கிறார்கள். ஆகவே அவர்களுக்கு இது தாய் பிறந்தகம் வருகிற மாதிரி, வருஷம் ஒரு தடவை வீட்டுக்கு வரும் அம்மாவுக்கான வரவேற்பு.

அவளுடைய வடிவம் ஒரு மண் குடம். பௌர்ணமிக்கு முன்பு 'ஹசி கரகம்' வரும். ஹசி என்றால் பச்சை. நாம் 'பச்சை மண்ணு' என்று சொல்கிற அதே பொருளில், சூளையில் வைக்காத, ஏரிக் களிமண்ணில் செய்த குடம். பரம்பரையாக அந்த மண்ணும் நீரும் சம்பங்கி ஏரியுடையவை. குடத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை வெளியே சொல்வதில்லை. அதை எடுத்துவரும் பூசாரி திகளர் சமூகத்தவர். மாதக்கணக்கில் விரதம் இருந்து, கன்னடத்தில் கரடி மனை என்று சொல்லப்படும் பயிற்சிக்கூடத்தில் உடம்பைத் தயார் செய்தவர். பௌர்ணமி இரவில் அவர் பெண்ணாக அலங்கரித்துக்கொள்கிறார். புடவை, வளையல், தாலி, குங்குமம். தலையில் குடம், குடத்தின் மேல் கூம்பாக எழும்பி முகத்தை மறைத்துத் தொங்கும் மல்லிகைச் சரங்கள். குடத்தைக் கையால் பிடிக்கக் கூடாது. இரவு முழுவதும் பேட்டைத் தெருக்களில் நடையும் ஓட்டமுமாகப் போக வேண்டும்.

சுற்றிலும் வீரகுமாரர்கள், கையில் உருவிய வாள். குடம் சரிந்தால் அந்த வாள்களாலேயே அவர் உயிர் போகும் என்பது நம்பிக்கை. அதற்காக மட்டுமே அவர்கள் வாள் ஏந்தியிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அவர்கள் முதலில் அம்மாவின் காவல்படை. வாளை மார்பில் தட்டிக்கொண்டு, 'கோவிந்தா கோவிந்தா' என்று கூவிக்கொண்டு, தங்கள் தாய்க்கு வழிவிடச் சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

ஒரு சித்திரையில் நான் போய்ப் பார்த்தேன். நள்ளிரவு தாண்டியும் கரகம் கோயிலை விட்டு வரவில்லை. தெரு முழுக்க ஆட்கள், திண்ணையில் குழந்தைகள் தூங்கிவிட்டிருந்தன. எனக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். வினைச்சொல் தமிழில் வரும், பெயர்ச்சொல் கன்னடத்துக்குத் தாவும், நடுவில் ஒரு தெலுங்கு வார்த்தை. பாதி புரிந்தது. அப்புறம் சட்டென்று மல்லிகை வாசம் வந்தது. ஆட்களுக்கு முன்னால் வாசம் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கூச்சலும் வாள்களும் தீப்பந்தமும். வெள்ளையாக உயர்ந்த ஒரு பூக்கோபுரம் ஆட்டமில்லாமல், காற்றில் மிதக்கிற மாதிரி, எங்களைத் தாண்டிப் போனது. பக்கத்தில் நின்ற பெண் மடியிலிருந்து மல்லிகையை அள்ளி வீசினார். "அம்மா" என்று அவர் சொன்னது மட்டும் முழுக்க முழுக்கத் தமிழ்.

சேலத்துக்காரருக்கு இதில் எது புதிது? ஆடி மாதம் எங்கள் பேட்டைகளில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டினால்தான் ஊருக்கே திருவிழா. அன்றிலிருந்து கம்பம் நடுவது, சக்தி அழைப்பு, உருளுதண்டம், மாவிளக்கு என்று ஒவ்வொன்றாக வரும். சக்தி அழைப்புக்குப் பூசாரி நீர்நிலைக்குப் போவார். அங்கே இருட்டில் கரகம் பாலிப்பார்கள். மேளம் உச்சத்துக்குப் போகும், தலையில் வேப்பிலையும் பூவும் சுற்றிய குடத்தோடு அவர் திரும்புவார். அவர் நடந்து வரும் தெருவில் வாசல் தெளித்து, குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் காலில் ஊற்றுவார்கள். நீரிலிருந்து சக்தி எழுவது, மண் குடத்தில் அவளை ஏற்றுவது, பூவால் மூடுவது, ஓர் ஆணின் தலையில் அவள் ஊருக்குள் வருவது. அங்கே அவள் திரௌபதி, இங்கே மாரி.

திரௌபதியும் நமக்குப் புதியவள் அல்ல. விழுப்புரம், திருவண்ணாமலை தொடங்கித் தர்மபுரி, சேலம் வரைக்கும் திரௌபதி அம்மன் கோயில்கள் இருக்கின்றன. நாள்கணக்கில் பாரதம் படிப்பார்கள், இரவில் தெருக்கூத்து நடக்கும். அர்ச்சுனன் தபசு, படுகளம், கடைசியில் தீமிதி. படுகளத்தில் களிமண்ணால் துரியோதனனைப் பெரிதாகச் செய்து கிடத்தி, அவன் வீழ்ந்த பிறகு திரௌபதியின் விரிந்த கூந்தலை முடித்துப் பூ வைப்பார்கள். அதுவரைக்கும் அவள் தலையில் பூ இல்லை. கரகத்தின் மேல் அவ்வளவு மல்லிகையைப் பார்த்தபோது எனக்குக் கூந்தல் முடிப்புதான் ஞாபகம் வந்தது. சபதம் முடிந்து, போர் முடிந்து, பூச்சூடிய திரௌபதி அல்லவா அங்கே பிள்ளைகளைப் பார்க்க வருகிறாள்!

ஒரு தோட்டக்காரச் சமூகம் ஏன் திரௌபதியைத் தாயாகக் கொண்டது என்று கேட்பவர்கள் உண்டு. அவள் வேள்வித் தீயில் பிறந்தவள். இவர்களும் நெருப்பில் பிறந்த குலம் என்று சொல்லிக்கொள்பவர்கள். அந்த உறவு ஒன்றே போதும். நாள் முழுக்கத் தண்ணீரோடு புழங்குகிறவர்கள், தீயில் பிறந்தவளை ஏரித் தண்ணீரிலிருந்து எடுத்து வருகிறார்கள் என்பது இன்னும் அழகு.

கரகம் காட்டன்பேட்டையில் ஹஸ்ரத் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குப் போய் நின்று மரியாதை பெற்று வருவது, அதிகம் பேசப்படும் வழக்கம். இதைப் பெங்களூரின் மத நல்லிணக்கத்துக்கு அடையாளமாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டுத் திரௌபதி கோயில்களைத் தெரிந்தவருக்கு இதில் இன்னொன்றும் தெரியும். இங்கே அம்மனுக்குக் காவல் நிற்பவர்களில் போத்துராஜாவோடு முத்தால ராவுத்தரும் ஒருவர். ராவுத்தர் முஸ்லிம் வீரர், அம்மனின் பக்தர். திரௌபதி கோயில் வளாகத்திலேயே அவருக்கு இடம் உண்டு. அந்த அம்மனை வழிபடுகிறவர்கள் மேட்டு ஊருக்குப் போன பிறகு அங்கே ஒரு மஸ்தானின் வாசலில் அவளை நிறுத்துவது, பழைய பழக்கத்தின் தொடர்ச்சி என்றே நான் நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் அது இன்னும் ஆழமான உறவாகத் தெரிகிறது.

கரகம் எடுப்பவரின் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய தாலியும் வளையலும் கணவருக்குப் போய்விடும். அந்த நாட்களில் அவர் கரகத்தையும் பார்ப்பதில்லை, கணவரையும் பார்ப்பதில்லை. ஊரே தெருவில் நிற்கும் இரவில் அவர் மட்டும் உள்ளே இருக்கிறார். கரகம் நல்லபடியாகக் கோயிலுக்குத் திரும்பி, சடங்குகள் முடிந்த பிறகுதான் தாலி திரும்ப அவர் கழுத்துக்கு வரும். கரகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வாளையும் கூட்டத்தையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்த அறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் இரவு எவ்வளவு நீளமாக இருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அந்தத் திருவிழாவின் பாதிப் பாரம் அங்கே இருக்கிறது.

சரி, அந்த ஏரிகள் என்ன ஆயின? பெங்களூர் ஆற்றங்கரை ஊர் இல்லை. மேட்டில், சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். அங்கே தோட்டம் என்றால் ஏரியும் கிணறும்தான். 1890-களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. குடிநீருக்கு ஏரி வேண்டாம் என்றானதும் ஊர்க்காரர்களுக்கு ஏரி வெறும் காலி இடமாகத் தெரிய ஆரம்பித்தது. தர்மாம்புதி ஏரியின் மேல்தான் இன்று மெஜஸ்டிக் பஸ் நிலையம் நிற்கிறது. சித்திகட்டே குளம் இருந்த இடம் கே.ஆர். மார்க்கெட். நம் அரளி மூட்டை இறங்குவது ஒரு குளத்தின் மேல்தான். சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியமாகிவிட்டது.

ஏரி போனால் தோட்டக்காரனுக்குக் கிணறும் போகும். நிலத்தடி நீர் இறங்கும், கழனி மனையாகும். சம்பங்கி ஏரிக்குக் கீழே தோட்டம் வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஆபீஸ் வேலையிலும் வியாபாரத்திலும் இருக்கிறார்கள். முன்னேறினார்கள் என்பதில் சந்தோஷம். ஆனால் ஸ்டேடியத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் குளம் மட்டும் விட்டுவைக்கப்பட்டிருக்கிறது. கரகத்துக்கு ஏரித் தண்ணீரும் ஏரி மண்ணும் வேண்டுமே! அத்தனை பெரிய ஏரியில் அந்த ஒரு மூலையைக் காப்பாற்றியது ஒரு மண் குடம். திகளர்களின் வழக்கத்தை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஊர் எங்கெங்கே ஏரி வைத்திருந்தது என்ற கணக்கை வருஷா வருஷம் கால்நடையாகப் போய்ச் சரிபார்த்துக்கொண்டிருப்பவர்கள் இவர்கள்தான்.

இங்கேயும் நிலைமை ரொம்ப வித்தியாசமாக இல்லை. சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்கு நடுவே ஓடும் திருமணிமுத்தாற்றில் இன்று கால் நனைக்க யாரும் துணியமாட்டார்கள். எங்கள் பேட்டையில் சின்ன வயதில் கரகம் பாலிக்க ஆற்றங்கரைக்குப் போன கூட்டத்தோடு நானும் தீவட்டிக்குப் பின்னால் ஓடியிருக்கிறேன். இப்போது ஒரு கிணற்றடியில் பாலிக்கிறார்கள், கிணற்றில் தண்ணீர் இல்லாத வருஷம் குழாய்த் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். கன்னங்குறிச்சி மூக்கனேரியை ஊர் மக்கள் கூடித் தூர்வாரி, மண் திட்டுகளில் மரம் வைத்து மீட்டது போல மற்ற ஏரிகளுக்கும் கை கூடினால் நன்றாக இருக்கும். பூச்சாட்டுகிற ஊருக்குப் பூவும் வேண்டும், பூவுக்குத் தண்ணீரும் வேண்டும்.

கரகம் ஹொசகோட்டை, ஆனேக்கல், மாலூர், கோலார் என்று பெங்களூரைச் சுற்றியும் நடக்கிறது. அந்த ஊர்களில் இன்னும் தோட்டம் மிச்சம் இருக்கிறது. ஓசூர் பக்கம் ரோஜாவும் சாமந்தியும் பசுமைக்குடில்களில் வளர்கின்றன. பெங்களூர் தன் தோட்டங்களை இழக்க இழக்க, அதற்கான பூ மேலும் மேலும் தெற்கேயிருந்து வர வேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் தோட்டக்காரன் கணவாய் ஏறிப் போனான். இப்போது பூ ஏறிப் போகிறது.

கரகம் பார்த்துவிட்டு வந்த வாரம் மறுபடியும் மார்க்கெட்டுக்குப் போனேன். பெரியவர் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் அவர் கேட்டது, "கொடம் சாயலியே?"

"சாயலீங்க ஐயா. கோயிலுக்குள்ள போற வரைக்கும் நின்னு பார்த்தேன்."

"அப்ப செரி" என்றார். கோணி ஊசியை மறுபடி சாக்கில் ஏற்றினார். "மல்லி எப்படி இருந்துச்சு, வாடாம இருந்துச்சா? அந்த ராத்திரி லோடு நாம ஏத்துனதுதான்."